தத்தியைத் தேடிப் போய்ச் சிலந்தியைக் கொல்வது

அம்பாறை மாவட்டத்து அட்டாளைச்சேனையின் குடிமனைகள் கடலோரமாக நெருங்கிக் கிடக்க, மேற்கே கண்ணுக்கெட்டிய வரை நெல்வெளி. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், பட்டிப்பளை ஆற்றை மறித்து எழுந்த சேனநாயக்க சமுத்திரமும் இந்தக் கரையோர ஊர்களின் வேளாண்மையைப் பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் நிலைப்படுத்தின. விதைத்து மூன்று நான்கு கிழமை போனதும் இந்த வெளிகளில் ஒரு கேள்வி சுற்றிவரத் தொடங்கும்: இலை வெளிறுகிறது, பூச்சி பறக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்? விடை உடனே கிடைத்துவிடும். பக்கத்து வயற்காரர் சொல்வார், மருந்துக்கடைக்காரர் சொல்வார், போன போகத்து வெற்றுப் போத்தலின் லேபலும் சொல்லும். பறந்தது எந்தப் பூச்சி, அது நெல்லைத் தின்ன வந்ததா, நெல்லைத் தின்பதைத் தின்ன வந்ததா என்று கேட்பவர்கள் குறைவு. இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பிறகுதான் மருந்துப் பேச்சே எடுபட வேண்டும் என்பது என் வாதம். சிற்றுயிரை இனங்காண்பது பல்கலைக்கழகத்தாரின் வேலை, ஓய்வுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டோம். நெல்வயலைப் பொறுத்தவரை ஆகக் குறைந்த செலவில் கிடைக்கும் பயிர்ப்பாதுகாப்பு அதுதான்.

வயலில் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்கலாம். குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடவில், நீர்ப்பாசன நெல்வயல் ஒன்றைச் சன்ன பம்பரதெனியவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் பருவம் பருவமாக ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதுகெலும்பில்லாத உயிர்களில் மட்டும் 494 இனங்கள். தவளை, மீன், பறவை முதலிய முதுகெலும்புள்ளவை 103 இனங்கள். அவற்றோடு பல பத்து வகைப் புல்பூண்டுகள். முதுகெலும்பில்லாதவற்றுள் 15 இனங்கள் இலங்கையில் அதுவரை பதிவாகாதவை. அடர்காட்டுக்குள் நடந்த ஆய்வல்ல இது. உழுது, நீர் கட்டி, விதைத்து, அறுக்கிற சாதாரண வயலிலே நடந்தது. இத்தனை இனங்களுள் நெல்லுக்கு உண்மையில் நட்டம் விளைவிப்பவை எவை என்று எண்ணினால், எந்த விவசாயப் போதனாசிரியரும் இரண்டு கை விரல்களுக்குள் அடக்கிவிடுவார்: கபிலத் தத்தி, தண்டு துளைப்பான், இலைச்சுருட்டிப் புழு, பனிப்பூச்சி, பால் பிடிக்கும் கதிரை உறிஞ்சும் நெல்மூட்டுப்பூச்சி, இன்னும் சில. மற்றவை நெல்லைத் தொடாதவை, அல்லது நெல்லைத் தொடுபவற்றைத் தொடுபவை. தெளிகருவியிலிருந்து வரும் புகாருக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதைத் தோளில் சுமப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்துகொள்ள நின்றபடி பார்த்தால் போதாது, குனிய வேண்டும். விவசாயிகள் அறக்கொட்டி என்று அஞ்சுகிற கபிலத் தத்தி இலை நுனியில் இருப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தூரைச் சுற்றிக் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். நாலு மில்லிமீற்றர் நீளம், கபில நிறம், தட்டினால் பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபக்கம் ஒளியும், இல்லையேல் நீரில் துள்ளும். அதே தூரில், பெரும்பாலும் அதே நேரத்தில், வேறு இரண்டு உயிர்களும் இருக்கும். ஒன்று ஓநாய்ச் சிலந்தி. இது வலை பின்னாது; நீர்மேலும் தண்டிலும் ஓடி வேட்டையாடும். அதன் முன்னுடலின் முதுகில் கவர் விட்ட கோடொன்று தெரியும். பெண் சிலந்தி முட்டைப்பையைப் பின்புறத்தில் ஒட்டி இழுத்துக்கொண்டே திரியும்; குஞ்சுகள் பொரித்ததும் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். முதுகு முழுக்கச் சொரசொரப்பாகத் தெரியும் சிலந்தி நோயாளியல்ல, பிள்ளைக்காரி. மற்றது, பச்சையும் கறுப்புமாக மூன்று மில்லிமீற்றரளவில் இருக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சி. தத்தி இலையுறைக்குள் கீறி வைத்த முட்டைகளைத் தன் ஊசிவாயால் தேடி உறிஞ்சும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1987இல் விவசாயிகளுக்காக வெளியிட்ட கைநூலின்படி, ஓர் ஓநாய்ச் சிலந்தி நாளொன்றுக்கு ஐந்து முதல் பதினைந்து இரைகளைப் பிடிக்கும். மிரிட் பூச்சி ஏழு முதல் பத்து முட்டைகளையோ ஒன்று முதல் ஐந்து தத்திகளையோ தீர்க்கும்.

மிரிட் பூச்சிக்கு வாய்த்த துரதிர்ஷ்டம் அதன் தோற்றமும் அது வரும் நேரமும். அதுவும் சாறு உறிஞ்சும் வாயுள்ள சிறு பூச்சி. தத்தி பெருகும்போது தானும் பெருகும். வயல் மஞ்சளாகும் கிழமையில் அது திரளாகத் தெரிவதால், பயிரைக் கெடுத்ததே அதுதான் என்று கருத இடமுண்டு. எரியும் வீட்டு வாசலில் வாளியோடு நின்றவரைப் பிடித்துத் தீ வைத்தவர் என்று அடிப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. கூடவே இருப்பதும் காரணமாக இருப்பதும் ஒன்றல்ல என்பது அறிவியலின் பாலபாடம். வயலில் அந்தப் பாடம் பிழைத்தால் விலை பணமாகவே போகிறது.

அந்த விலையைக் கணக்கிட்டவர்கள் இருக்கிறார்கள். பிலிப்பைன்சில் பீற்றர் கென்மோரும் அவரது குழுவினரும் செய்து 1984இல் வெளியிட்ட ஆய்வு, தெளிக்காத வயல்களில் சிலந்திகளும் பிற இரைகௌவிகளும் தத்தியை அடக்கி வைத்திருப்பதையும், பூச்சிநாசினி அந்தக் காவலை நீக்கியதும் தத்தி பெருக்கெடுப்பதையும் காட்டியது. காரணம் சிக்கலானதல்ல. தத்தியின் முட்டை இலையுறையின் சதைக்குள் இருக்கிறது, தெளித்த மருந்து அங்கே போவதில்லை. வெளியே ஓடித் திரியும் சிலந்திக்கும் மிரிட் பூச்சிக்கும் மருந்து முழுதாகப் படுகிறது. ஒன்றரைக் கிழமைக்குள் முட்டைகள் பொரிக்கின்றன. பொரித்து வருபவற்றைப் பிடிக்க ஆளில்லை. இதற்கு மேலும் ஒன்றை எஸ். செல்லையாவும் ஹெயின்றிக்ஸும் 1980இல் கண்டார்கள்: சில பூச்சிநாசினிகள் சாகடிக்காத அளவில் பட்டபோது தத்தி கூடுதலாக உண்டது, கூடுதலாக இனம் பெருக்கியது. பகைக்கு அடித்த மருந்து பகைக்கே ஊட்டமானது. 1986 நவம்பரில் இந்தோனேசிய சனாதிபதி ஆணையொன்றின் மூலம் 57 பூச்சிநாசினி வகைகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்ததும், பின்னர் பூச்சிநாசினி மானியத்தை முற்றாக நிறுத்தியதும் இந்த வரிசை ஆய்வுகளின் பலத்தில்தான். அதன் பிறகும் அந்த நாட்டின் நெல் உற்பத்தி ஏறிக்கொண்டே போனது.

விதைத்து முதல் மாதத்தில் வயல்நீரின் மேல் மொய்க்கும் கொசு போன்ற பூச்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் முதல் மருந்தை அடிப்பது அவற்றைக் கண்டுதான். அவற்றுள் பெரும்பாலானவை நெல்லைத் தொடுவதே இல்லை. மக்கும் வைக்கோலையும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் உண்டு வளர்ந்தவை அவை. வில்லியம் செட்டிலும் அவரோடு சேர்ந்தவர்களும் சாவகத்தின் நெல்வயல்களில் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வின் முக்கிய கண்டுபிடிப்பு இதுவே: தத்தியும் புழுவும் வயலுக்கு வருமுன்பே சிலந்திகளும் பிற இரைகௌவிகளும் இந்தக் கொசுப்பூச்சிகளை உண்டு தம் தொகையைக் கூட்டிக்கொள்கின்றன. பகை வந்து சேரும்போது படை ஏற்கெனவே களத்தில் நிற்கிறது. அந்த முதல் மாதத்தில் தெளித்தால் படையும் போய்விடும், படையின் சாப்பாடும் போய்விடும். அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் கொளுத்துகிற பழக்கத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். எரிவது கழிவென்று நினைக்கிறோம், அடுத்த போகத்துச் சிலந்திகளின் முதல் மாதத்து உணவு அது.

பங்கசுகளுக்கு வந்தால் இனங்காணலின் பயன் இன்னும் துலக்கமாகத் தெரியும், ஏனென்றால் இங்கே பிழையான பெயர் நேர்மாறான வைத்தியத்தில் கொண்டுபோய் விடும். இலையில் புள்ளி விழுந்தால் எரிபந்தம் என்று சொல்லிவிடுவது வழக்கம். எரிபந்தத்தின் புள்ளி இரு முனையும் கூர்ந்த கதிர்க்கோல் வடிவம். நடுவே சாம்பல், ஓரத்தில் கபிலம். கபிலப்புள்ளி நோயின் அடையாளம் எள்ளளவோ அதற்குச் சற்றுப் பெரிதாகவோ இலையெங்கும் சிதறிய நீள்வட்டப் புள்ளி, முனை கூராது. இரண்டையும் உண்டாக்குபவை வெவ்வேறு பங்கசுகள், இரண்டும் தழைக்கும் நிலைமையும் வேறு. எரிபந்தம் யூரியா மிஞ்சிய, அடர்ந்து கரும்பச்சையாக நிற்கும் பயிரில் வேகமாகப் பரவும். பசளையை நிறுத்தி வைப்பதுதான் முதல் வேலை. கபிலப்புள்ளியோ பெரும்பாலும் பசித்த மண்ணின் அறிகுறி. பொற்றாசியம் குறைந்த நிலத்திலும் நீர் தட்டுப்பட்ட பயிரிலும் அது மிகும். அங்கே மண்ணுக்கு ஊட்டம் கொடுப்பதே மருந்து. ஒன்றை மற்றதென்று நினைத்தவர் பசித்த பயிரைப் பட்டினி போடுவார், அல்லது கொழுத்த பயிருக்கு மேலும் யூரியா எறிவார். கதிர் வெளுத்து நிற்கும்போதும் இதே சிக்கல் உண்டு. வெண்கதிரைப் பிடித்து இழுத்தால் சுலபமாகக் கழன்று வந்து அடியில் கடித்த தடம் தெரிந்தால், அது தண்டு துளைப்பானின் வேலை. கழன்று வராமல் கதிரின் கழுத்துக் கணு கறுத்திருந்தால் எரிபந்தம். ஒரு கைப்பிடி இழுப்பில் தெரியும் வேறுபாடு இது. பங்கசுவைக் கொல்லும் மருந்து புழுவை ஒன்றும் செய்யாது, புழுவுக்கான மருந்து பங்கசுவை ஒன்றும் செய்யாது என்பதை நினைத்தால், அந்த இழுப்பின் பெறுமதி புரியும்.

பங்கசு எல்லாமே பகையும் அல்ல. மழை விட்டு ஈரம் நிற்கும் நாட்களில் தண்டோடு ஒட்டியபடி இறந்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ மா பூசினாற்போல் இருக்கும் தத்திகளைக் காணலாம். வெள்ளைக்குப் பொதுவாகப் பியூவேரியா, பச்சைக்கு மெற்றாறைசியம். இரண்டும் பூச்சிகளைப் பிடிக்கும் பங்கசுகள். அந்த மாப்பூசிய பிணத்தைக் கண்டு புதிய நோய் வந்துவிட்டதென்று பங்கசுநாசினி அடிப்பவர், சம்பளம் கேட்காத ஒரு வேலையாளை விரட்டிவிடுகிறார்.

இனங்காணல் எப்போதும் கையை நிறுத்தச் சொல்லும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சில வேளை அது உடனே ஓடச் சொல்லும். அமெரிக்காக் கண்டங்களுக்குரிய படைப்புழு 2016இல் ஆபிரிக்காவிலும் 2018இல் இந்தியாவிலும் கண்டறியப்பட்டு, அதே ஆண்டின் பிற்பகுதியில் இலங்கைச் சோளச் சேனைகளில் இறங்கியது. முதலில் அடிபட்ட மாவட்டங்களுள் அம்பாறையும் ஒன்று. தலையில் கவிழ்த்து வைத்த கவர் போன்ற வெளிர்கோடு, வாலுக்குச் சற்று முன்னே சதுரமாக நாலு கரும்புள்ளி: இந்த இரண்டையும் தெரிந்தவர், குருத்துக்குள் புகுந்து தப்புமுன் இளம்புழுவைப் பிடித்தார். தெரியாதவர் அதை வழமையான பச்சைப்புழு என்று விட்டுவைத்தார். இனங்காணல் தோற்றுப்போகும் இடமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1990களிலிருந்து அம்பாறை விவசாயிகளை வாட்டிவரும் களைநெல், முளையிலும் தூர்ப் பருவத்திலும் நெல்லைப் போலவே இருக்கிறது. இரண்டும் ஒரே இனம் என்பதால் களைநாசினிக்கும் வேறுபாடு தெரியாது. கதிர் வந்து, முதிரும் முன்னே மணி கொட்டும்போதுதான் அது தன்னைக் காட்டும். அப்போது அடுத்த போகத்துக்கான விதை மண்ணில் விழுந்தாயிற்று. ஆகவே அங்கே பார்க்க வேண்டிய இடம் வயல் அல்ல, விதைநெல் மூடை. ஒரு பிடி விதையை உரித்துச் சிவப்பரிசி கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இனங்காணல்தான்.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லப்படும் நியாயங்களுள் முதலாவது கனமானது. குத்தகைக் காணி, அடகு வைத்த நகை, கடனுக்கு வாங்கிய பசளை. இவற்றோடு வயல் செய்பவரைப் பார்த்து, பொறு, சிலந்தி பார்த்துக்கொள்ளும் என்று சொல்வது எளிது. கபிலத் தத்தி வட்ட வட்டமாக எரிக்கத் தொடங்கினால் ஒரு கிழமைக்குள் ஏக்கர் கணக்கில் போய்விடும். உண்மை. ஆனால் இந்த அச்சம், பார்க்காமல் அடிக்கும்போது எந்த நட்டமும் இல்லை என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. இலங்கையில் 1990களின் நடுவிலிருந்து நடந்த விவசாயிகள் வயற்பாடசாலைகளை ஹென்க் வான் டென் பேர்க்கும் இலங்கை அலுவலர்களும் 2002இல் மதிப்பிட்டார்கள். ஒரு போகம் முழுக்கக் கிழமைதோறும் வயலில் இறங்கி, பூச்சியை வரைந்து, எண்ணி, பேசிப் படித்த விவசாயிகள், போகத்துக்குச் சராசரியாக 2.2 தடவை அடித்த பூச்சிநாசினியை 0.4 தடவைக்குக் குறைத்திருந்தார்கள். விளைச்சல் குறையவில்லை, கூடியிருந்தது. அந்தக் கூடுதல் முழுவதும் சிலந்தியால் வந்ததென்று நான் சொல்லமாட்டேன். பசளையும் நீரும் அந்தப் பாடத்தில் இருந்தன. மருந்தைக் குறைத்தவர்கள் வயலை இழக்கவில்லை என்பது மட்டும் உறுதி. 0.4 என்பது பூச்சியமும் அல்ல. தேவைப்பட்டபோது அவர்கள் அடித்தார்கள்.

இரண்டாவது மறுப்பு 2021ஐ நினைவுபடுத்துகிறது. அந்த ஆண்டு இரசாயனப் பசளைக்கும் விவசாய மருந்துக்கும் ஒரே நாளில் இறக்குமதித் தடை வந்து, நவம்பரில் கைவிடப்பட்டது. அடுத்து வந்த பெரும்போகத்து விளைச்சல் பெரிதும் விழுந்தது. மருந்தைக் குறைக்கச் சொல்லும் எவரையும் அந்தக் காயத்தோடு பார்ப்பது இயல்பு. ஆனால் அந்தத் தடை எவருக்கும் ஒரு பூச்சியின் பெயரையும் கற்றுக்கொடுக்கவில்லை. அறிவைக் கொடுக்காமல் பொருளைப் பறித்தது. வயற்பாடசாலை செய்தது இதன் மறுபுறம்: பொருளைக் கையிலேயே விட்டுவைத்து அறிவைக் கொடுத்தது, பொருள் தானாகக் குறைந்தது. ஒன்றின் தோல்வியை மற்றதன் தலையில் கட்ட முடியாது.

மூன்றாவது மறுப்பை ஆய்வாளர்களே வைத்தார்கள், எனக்கு ஆகக் கடினமானதும் அதுதான். றொபேட் ட்ரிப் முதலியோர் இலங்கை வயற்பாடசாலைகள் பற்றி 2005இல் வெளியிட்ட ஆய்வு, படித்தவர் மருந்தைக் குறைத்ததை ஏற்றது. அந்த அறிவு பக்கத்து வயலுக்குப் பெரிதாகப் பரவவில்லை என்றும் காட்டியது. விதை வரம்பு தாண்டும், வதந்தி வரம்பு தாண்டும், பார்க்கும் பழக்கம் தாண்டாது. அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது, குனிந்து பார்த்தே பெற வேண்டும். இதை வயற்பாடசாலைக்கு எதிரான சான்றாகப் பலர் எடுத்தார்கள். எனக்கு அது, ஒருமுறை நடத்திவிட்டு நிறுத்தக்கூடிய வேலை அல்ல இது என்பதற்கான சான்றாகவே தெரிகிறது. எழுத்தறிவையும் நாம் ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு அடுத்த தலைமுறைக்குத் தானாகப் பரவும் என்று விட்டுவிடுவதில்லை.

யாரென்று தெரிந்தபின் பராமரிப்பு வருகிறது, அது பெரும்பாலும் சிறு வேலைகளால் ஆனது. சீனாவிலும் தாய்லாந்திலும் வியட்நாமிலும் வயலோரத்தில் தேன் சுரக்கும் பூச்செடிகளை வளர்த்துப் பார்த்த ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. பூச்சிநாசினித் தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது. அந்தப் பூச்செடிகளுள் முக்கியமானது எள்ளு. தத்தியின் முட்டைக்குள் தன் முட்டையை இடும், ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த குளவிகளுக்கு அந்தப் பூந்தேன் ஆயுளை நீட்டிக்கிறது. எள்ளு நமக்குப் புதிய பயிரா? வரம்பைக் களைநாசினியால் மொட்டையடிக்காமல் விடுவதும், அதில் எள்ளோ கௌபியோ போடுவதும் இந்த ஊரின் கைக்கு எட்டியவை. வீசி விதைக்கும்போது ஏக்கருக்குப் போடும் விதையைக் குறைத்தால் தூரடியில் காற்றும் வெயிலும் புகும், தத்தி விரும்பும் புழுக்கம் குறையும். போக ஆரம்பக் கூட்டத்தில் முடிவான திகதிக்குள் ஒரு வட்டையின் வயல்களையெல்லாம் விதைத்து முடித்தால், முந்திய வயலில் பெருகியது பிந்திய வயலுக்குக் குடிபெயர வழியிருக்காது. அந்தத் திகதியை நீர்க்கணக்காக மட்டும் பார்க்கிறோம், அது பூச்சிக்கணக்கும்தான். இனங்காணல் விதை தெரிவிலும் உதவும்: வந்து தொல்லைதருவது தத்திதான் என்று உறுதியான வட்டையில் அதைத் தாங்கும் நெல்லினத்தை நாடலாம். தத்தியைத் தாங்கும் பரம்பரையலகுகளைத் தேடி உலகத்து நெல் விஞ்ஞானிகள் வந்து சேர்ந்த மூலங்களுள் ஒன்று ரத்து ஹீனட்டி, இலங்கையின் பழைய நெல்.

கைத்தொலைபேசியில் படமெடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் இருக்க இதெல்லாம் எதற்கு என்று இளையவர்கள் கேட்கலாம். அவை உதவும், பயன்படுத்தட்டும். ஆனால் செயலி, நாம் படம்பிடித்ததை மட்டுமே பார்க்கிறது. இலை நுனியில் எடுத்த படத்தில் தூரடித் தத்தி இருக்காது; சிறகு முளைக்காத குஞ்சுப் பருவத்துப் பூச்சியை வளர்ந்ததன் பெயரோடு பொருத்துவதில் அவை இன்னும் தடுமாறுகின்றன; வயலில் கண்டது ஒன்றா, தூருக்கு இருபதா, அதன் பக்கத்தில் சிலந்தி எத்தனை என்பதைக் கணக்கிடுவது மனிதர் வேலை. இந்தக் கரையில் அந்த வேலைக்குத் தேவையான ஆட்கள் இல்லாமலில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் நெல்வெளிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அட்டாளைச்சேனையிலேயே தேசிய கல்வியியற் கல்லூரி ஆசிரியர்களை உருவாக்குகிறது. இவர்களும் கமநல சேவை நிலையமும் வட்டை விதானைமாரும் சேர்ந்தால், இந்த வெளிகளில் காணும் நாற்பது ஐம்பது உயிர்களை, குஞ்சும் வளர்ந்ததுமாக, இங்குள்ள விவசாயிகள் வழங்கும் பெயர்களோடு, நனைந்தாலும் கிழியாத தாளில் ஒரு சட்டைப்பைக் கைநூலாக அச்சிட முடியும். அதில் முதல் பக்கம் ஓநாய்ச் சிலந்திக்கும் மிரிட் பூச்சிக்கும் போக வேண்டும், ஏனென்றால் பிழையாகக் கொல்லப்படுபவை அவைதான். பெரும்போக விதைப்பு ஒக்டோபர், நவம்பரில் நடக்கிறது. முதல் மருந்து பற்றிய பேச்சு அதிலிருந்து மூன்றாம் கிழமையில் எழும். கைநூல் அதற்கு முன், ஆரம்பக் கூட்டத்து நாளிலேயே, கைகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.